ரோசம்மாளுக்காக இறங்கிய பெட்டிகள்

வில்லியனூர் வயல்களில் நாற்று நட்டுக்கொண்டிருந்த ரோசம்மாளை, பிள்ளை பார்த்துக்கொள்ள ஒரு பிரெஞ்சுக் குடும்பம் சைகோனுக்குக் கப்பலில் அழைத்துப் போனது. புருஷனைக் காய்ச்சலுக்குப் பறிகொடுத்த இளம் பெண். வயலைத் தவிர வேறு வேலை அறியாதவள். ஆனால் அந்த வீட்டுக் கைக்குழந்தை அவள் இடுப்பை விட்டு இறங்கவே மறுத்தது.

1937இல், புருஷனோடு ஹனோய்க்குப் போயிருந்த குழந்தையின் தாய், மதாம், அங்கே நோயில் விழுந்தாள். நாளை மறுநாள் காலை அறுவைச் சிகிச்சை, பிழைப்பது நிச்சயமில்லை, அதற்கு முன் பிள்ளையைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்று தந்தி வந்தது. சைகோனிலிருந்து ஹனோய், புதுச்சேரிக்கும் நாகபுரிக்கும் உள்ள தூரம். ரயிலில் போனால் இரண்டு இரவு கழிந்துவிடும். விடியலில் கிளம்பும் தபால் விமானமோ பொழுது சாய்வதற்குள் போய் இறங்கிவிடும். ரோசம்மாள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு விமானத் திடலுக்கு ஓடினாள்.

அங்கே எடை போடும் குமாஸ்தா நாகராஜன், புதுச்சேரிப் பக்கத்து மண்ணாடிப்பட்டுப் பண்ணைக்காரர் மகன்; அவள் வயல் வேலை செய்தவள் என்று தெரிந்தவர். அவளைத் தராசில் ஏறச் சொன்னதும் அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஊரில் நெல் மூட்டையைத்தான் நிறுப்பார்கள். மாதாவை வேண்டிக்கொண்டு ஏறி நின்றாள்.

"பாரம் ஜாஸ்தி. கொழந்தைய அந்த ஆபீசர் மடியில வச்சிக்குவாரு. நீ ரயில்ல போ" என்று, அதே விமானத்துக்குக் காத்திருந்த பிரெஞ்சு அதிகாரியைக் காட்டினார் நாகராஜன்.

"வேத்து ஆளு கையில சொட்டுப் பால் குடிக்காதுங்க, ஐயா."

"நாத்து நட்ட காலு ஏரோப்ளேன் ஏறணுமாக்கும்!"

"வேணும்னா நீங்களே வச்சிக்கினு பாருங்க."

குழந்தையை அவர் கையில் கொடுத்தாள். அது வீறிட்டதில் திடலே திரும்பிப் பார்த்தது. அவருடைய வெள்ளைக் கோட்டும் நனைந்தது. மடியில் வைத்துக்கொள்ள இருந்த அதிகாரி இரண்டு அடி பின்வாங்கினார்.

ரோசம்மாள் அந்த அதிகாரியின் மரப்பெட்டிகளைக் காட்டினாள். "அதுல இன்னா கீது?"

"ஒயினு. அத பத்தி ஒனக்கின்னா?"

"அது ரயில்ல வந்தா அழுவுங்களா?"

சத்தம் கேட்டு வந்த விமானி, அவள் என்ன சொல்கிறாள் என்று கேட்டான். நாகராஜன் வேண்டாவெறுப்பாக மொழிபெயர்த்தார். விமானி வாய்விட்டுச் சிரித்துவிட்டு, பெட்டிகளை இறக்கச் சொன்னான். அதிகாரி முணுமுணுத்தார். கோட்டின் ஈரம் காயாத நாகராஜனே ஒரு பக்கம் பிடித்து இறக்க வேண்டியதாயிற்று.

வானத்தில் காது அடைத்தது. ஆனாலும் அவள் சன்னலை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. நாளெல்லாம் முதுகொடியக் குனிந்து அவள் நட்டவை போன்ற வயல்கள், கோலப் புள்ளிகளாகக் கீழே நழுவிக்கொண்டிருந்தன.

வெளிச்சம் இருக்கும்போதே ஹனோய் மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்தாள். மதாம் பிள்ளையை வாங்கி மார்பில் கிடத்திக்கொண்டாள். தாதி ஒருத்தி, வேலைக்காரிகள் வெளியே நிற்க வேண்டும் என்று ரோசம்மாளுக்குக் கதவைக் காட்டினாள்.

மதாம் தலையைத் தூக்கினாள். "அவளுக்கு ஒரு நாற்காலி கொடுங்கள்" என்றாள்.

நாற்காலி வந்தது. ரோசம்மாள் புடவையை நீவி விட்டுக்கொண்டு, நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள்.