மழைக்கு நிற்கும் பஸ்

விஸ்வநத்தத்துக்குச் சற்று முன்னால், தூறல் விழுந்ததுமே டிரைவர் பஸ்ஸை நிறுத்துகிறார். சாலையோரம், வீட்டுப் பெண்கள் கூலிக்கு ஒட்டிய காலித் தீப்பெட்டிகள் காய்கின்றன. அவற்றை அள்ள எல்லோரும் இறங்கி ஓடுகிறார்கள். என் பக்கத்தில் இருந்த மல்லாங்கிணறு விவசாயியும் வேட்டியை மடித்துக் கட்டுகிறார். விருதுநகரிலிருந்து மழை இல்லை என்றே புலம்பிக்கொண்டு வந்தவர் அவர்.

"மழை வேணும்னீங்களே, ஐயா?"

"வேணுந்தான் டீச்சர். அதுக்காக அவுக கூலி கரையணுமா? இறங்குங்க!"

இங்கே வேலைக்கு வந்து ஒரு மாதம் ஆகிறது. முதல் தடவை பஸ் இப்படித் தூறலுக்கு நின்றபோது, குடைக்குள் நின்று வேடிக்கை பார்த்தேன். இன்று குடையைப் பெட்டிகள்மேல் கவிழ்த்துவிட்டு, மிச்சத்தை முந்தானையில் அள்ளுகிறேன்.

கடைசிப் பெட்டியும் கூரைக்குள் போகிறது. விவசாயி வானத்தைப் பார்த்து அதட்டுகிறார்:

"ம், இப்பப் பெய்யி!"