என் மீனை நானே பச்சையாகத் தின்ற நாள்

சாய்ந்தமருதிலிருந்து நிந்தவூர் வரைக்கும் சூஷி எப்படித் தின்னுவது என்று யாருக்காவது தெரிய வேண்டுமென்றால் என்னிடம்தான் வர வேண்டும். நான் படித்தது ஐந்தாம் ஆண்டு வரைக்கும். சைக்கிளில் மீன்பெட்டி கட்டித் தெருத்தெருவாகக் கூவி விற்றவன். இன்று ஒலுவில் துறைமுகத்தில் என் லொறி வராமல் வியாபாரம் சூடு பிடிக்காது. பெருமைக்குச் சொல்லவில்லை, உள்ளதைச் சொல்கிறேன்.

கொழும்பில் ஒருவர் சூஷிக் கடை திறந்திருந்தார். கண்டிப் பக்கத்து முஸ்லிம் ஆள், ஜப்பானில் நெடுங்காலம் சமையல் வேலை செய்தவர். கொழும்பில் வேலை பார்க்கும் என் மருமகன்தான் அவரைப் பழக்கிவிட்டார். கடைக்குக் கிழமைதோறும் கெலவல்லா மீன், அதாவது மஞ்சள் செட்டைப் பெரிய சூரை, தேவை. அதுவரை என் மீன் கொழும்புச் சந்தையில் பத்துப் பேருடைய மீனோடு கலந்து, யார் அனுப்பியது என்று தெரியாமலே போய்க்கொண்டிருந்தது. ஒரு கடையாவது என் மீன் என்று கேட்டு வாங்க வேண்டும் என்பது எனக்குப் பெரிய ஆசை.

மாதிரிக்கு ஒரு மீன் அனுப்பச் சொன்ன கடைக்காரர், நிபந்தனை ஒன்றும் வைத்தார். நான் நேரில் வந்து அதைப் பச்சையாகத் தின்ன வேண்டும். விற்கிறவர் வாயில் வைக்காத மீனை அவர் வாங்குவதில்லையாம். பச்சை மீனைத் தின்ன நீங்கள் என்ன பூனையா என்று என் மனைவி கேட்டா. மாதிரி மீனை ஐஸ் போட்டு லொறியில் அனுப்பிவிட்டு நான் பஸ் ஏறினேன்.

பகல் சாப்பாட்டுக்கு நானும் மருமகனும் போய் உட்கார்ந்தோம். நம்ம ஆட்கள் முதலில் கேட்க வேண்டியது, சோற்றிலும் சோஸிலும் மது சேர்க்கிறார்களா என்பது. சில கடைகளில் சேர்ப்பார்கள். இவர் வினாகிரி, சீனி, உப்பு மட்டும்தான் போடுவதாகச் சொன்னார். முதல் தரம் போகிறவர்கள் அவித்த இறால் வைத்ததைக் கேளுங்கள். வெள்ளரிக்காயைச் சோற்றுக்குள் வைத்துக் கடற்பாசியால் சுருட்டித் தருவதும் பயமில்லாத சாமான். பச்சை மீனுக்குப் பிறகு போகலாம்.

இந்த ஒழுங்கெல்லாம் இப்போது சொல்கிறேன். அன்று எனக்குத் தெரியாது. நீளப் பலகை ஒன்றில் சின்னச் சின்னச் சோற்று உருண்டைகள், மேலே மீன் துண்டு, ஓரத்தில் பச்சையாக ஒரு துவையல். கடைக்காரரும் எங்களோடு உட்கார்ந்தார். மூன்று பேருக்கும் நடுவில் ஒரே பலகை. கலியாண வீட்டில் ஒரு சஹனைச் சுற்றி உட்கார்ந்து எல்லோரும் ஒரே தட்டில் சாப்பிடுவோமே, அதுதான் என்று நினைத்துவிட்டேன். சட்டைக் கையை மடித்தேன். நாலு உருண்டையை உடைத்து, அந்தத் துவையலை முழுதாக அள்ளிப் போட்டுப் பிசைந்தேன். நல்ல மீன் துண்டுகளை மரியாதைக்குக் கடைக்காரர் பக்கம் தள்ளினேன்.

"மாமா, அது ஒவ்வொன்டா அப்பிடியே வாயில வைக்கிற சாமான்" என்று மருமகன் மெதுவாகச் சொன்னார். அதற்குள் என் வாய் நிறைந்துவிட்டது. எங்கட மிளகாய் நாக்கோடு நிற்கும். அந்தப் பச்சைச் சாமான், வசாபியாம், மூக்கு வழியாக ஏறி உச்சந்தலையைத் தட்டியது. கண்ணீர் கொட்டியது. கடைக்காரர் சிரிக்கவில்லை. நான் பிசைந்ததில் ஒரு பிடி எடுத்துச் சாப்பிட்டுவிட்டு, பிறகு சொல்லித் தந்தார். கையால் எடுப்பது பிழையில்லை, ஜப்பான்காரரும் எடுப்பார்களாம். கவிழ்த்துப் பிடித்து மீன் பக்கத்தைத்தான் சோஸில் தொட வேண்டும். சோற்றைத் தொட்டால் உதிர்ந்து விழும். வசாபி ஒரு நெல்லளவு போதும். ஒரே வாயில் போட்டு ஆறுதலாக மெல்ல வேண்டும். ஒரு மீனுக்கும் அடுத்த மீனுக்கும் நடுவில் இஞ்சிச் சீவல் ஒன்றைக் கடித்தால் வாய் சுத்தமாகும்.

நான் பழகிக்கொண்டதும் எழும்பிப் போய் இரண்டு சின்னத் தட்டுக் கொண்டு வந்தார். இரண்டிலும் கெலவல்லாத் துண்டு. ஒன்று என் மீன், மற்றது வேறொருவருடையது. எது எதென்று சொல்லவில்லை.

முதலாவது குளிர்ச்சியாக இருந்தது. கவுச்சி இல்லை, மெல்ல மெல்ல ஒரு இனிப்பு வந்தது. இரண்டாவது கடைசியில் புளித்தது, இரும்பை நக்கினது மாதிரி. அதன் சதை சற்றுக் கறுத்திருந்தது. என் கண் ஆயிரம் தரம் பார்த்த நிறம் அது. எது நல்லம் என்று கடைக்காரர் கேட்டார். இரண்டாவது என்று சொன்னால் என் மீன் தப்பும். ஆனால் இத்தனை வருஷம் மீனைப் பார்த்துத் தரம் சொன்ன வாய் அதற்கு இடம் தரவில்லை.

"முதலாவதுதான் நல்லம். ரெண்டாவதுல இரத்தம் நிக்கிது. அது என்ட மீன்."

மேசைக்குக் கீழே மருமகன் என் காலை மிதித்தார்.

"ஓம் ஹாஜியார், உங்கடதான்" என்றார் கடைக்காரர். "மாத்திச் சொல்லியிருந்தீங்கன்டா இந்தச் சாப்பாட்டோட அனுப்பியிருப்பன்."

பிறகு, படகில் இரத்தம் வடிப்பதில்லையா என்று கேட்டார். அப்போதுதான் எனக்கு விளங்கியது. ஆட்டையும் கோழியையும் மக்கா இருக்கும் கிப்லாப் பக்கம் திருப்பி, பிஸ்மி என்று இறைவன் பெயர் சொல்லி அறுக்க வேண்டும். மீன் அறுக்காமலே ஹலால். அதனால் எங்கட படகில் உயிர் மீனில் கத்தி வைக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றியதில்லை. புளி விட்டு ஆக்கினால் ஒரு குறையும் தெரியாது. பச்சையாகத் தின்றால் தெரியும். செட்டைக்குப் பின்னால் எங்கே கீற வேண்டும், எவ்வளவு சுருக்காக ஐஸ் தண்ணீரில் இறக்க வேண்டும் என்று காட்டித் தந்து, அப்படி ஒரு மீன் அனுப்பச் சொன்னார்.

ஒலுவிலுக்கு வந்து, படகோட்டும் தண்டையலிடம் சொன்னேன். அவர் படகு ஆட்களைக் கூட்டி வைத்துக்கொண்டு கேட்டார்.

"ஹாஜியார், மீனையும் கிப்லாவுக்குத் திருப்பி பிஸ்மி சொல்லி அறுக்கவா?"

பிஸ்மி எந்த வேலைக்கும் சொல்லலாம், நீ முதலில் கீறு என்றேன். சிரித்துக்கொண்டே கடலுக்குப் போனார்கள். ஆனால் சொன்னபடி செய்தார்கள். அந்தப் படகு கரைக்கு வந்த நாள் மீனை வெட்டிப் பார்த்தேன். வத்தகப்பழம் மாதிரிச் சிவந்திருந்தது. அங்கேயே ஒரு சீவல் எடுத்துத் தேசிக்காய் பிழிந்து தின்றேன். தண்டையலுக்கும் ஒன்று நீட்டினேன். அவர் அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, இதைக் கொஞ்சம் பொரித்தால் என்ன என்று கேட்டார்.

மீன் கொழும்புக்குப் போனது. அடுத்த நாள் மருமகன் போனுக்கு ஒரு படம் அனுப்பினார். அன்றைக்கு உள்ள மீன்களை எழுதி வைக்கும் கரும்பலகையில், எல்லாவற்றுக்கும் மேலே, "ஒலுவில் கெலவல்லா". அந்தக் கடைக்குப் போகிறவர்கள் அதையே கேட்டுத் தின்னுங்கள். ஊர்ப் பெயரைப் போட்டவர் என் பெயரைப் போடவில்லை. அதைப் பற்றி அவரோடு கதைக்க இருக்கிறேன்.