தேவாலயத்தில் துடக்குக் கழித்தவள்

கட்டிலிலிருந்து காலைக் கீழே வைத்த கஜானிக்குத் தூக்கிவாரிப் போட்டது. கணுக்காலுக்கு மேல் தண்ணீர். அடுப்படிச் சட்டிகள் மிதந்து வாசலைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தன. பக்கத்தில், பிறந்து ஒரு கிழமைகூட ஆகாத பெண் குழந்தை நல்ல நித்திரை.

வாகரைப் பக்கத்துக் கரையோரக் கிராமம் அது. கஜானி தண்ணீருக்குப் பயந்தே வளர்ந்தவள். சுனாமி தாயைக் கொண்டுபோனபோது சின்னப் பிள்ளை. தமக்கை புஸ்பம்தான் வளர்த்தெடுத்தாள். புருஷன் உதயரூபன் கத்தாரில். ஆக, மழை ஊரை விழுங்கிய அந்தக் காலையில் வீட்டில் இருந்தது இரண்டு பெண்களும் ஒரு பச்சைப் பிள்ளையும்தான்.

ஊர்ச்சனத்தில் பாதி அம்மன் கோயில் மண்டபத்துக்கு ஓடியது. மேட்டு நிலம், கொங்கிறீட் கூரை. இவர்களும் ஓடியிருக்கலாம்தானே என்று கேட்பீர்கள். எப்படி ஓடுவது? பிள்ளை பிறந்த வீடு. முப்பத்தொன்றாம் நாள் கழியும்வரை துடக்கு, பிள்ளைப்பேற்றுத் தீட்டு. துடக்கோடு அம்மன் வாசலை மிதித்தால் என்ன ஆகும் என்று கஜானிக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கோயில்காரர் ஒருவரும் தடுக்கவில்லை, அதையும் சொல்லத்தான் வேண்டும். இவளாகத்தான் போகவில்லை. தண்ணீர் கட்டில் சட்டத்தைத் தொட்டும் அசையவில்லை. பிடிவாதம் என்றால் அப்படியொரு பிடிவாதம்!

கடைசியில் ஊர்க்காரர் கந்தப்போடியின் தோணியில் தேவாலயத்து ஃபாதர் றெஜினோல்ட் வந்து, தேவாலயத்துக்கு ஏற்றிக்கொண்டு போனார். பட்டணத்துப் புளியந்தீவுக்காரர், ஊருக்குப் புதியவர். தேவாலயம் கஜானிக்குப் புதிதல்ல. அந்த வளவு மரத்தடியில்தான் மாலை வகுப்புப் படித்தாள். சுனாமிக்குப் பிறகு அந்தக் குசினிச் சோற்றைத்தான் தின்றாள். வயிற்றுப் பிள்ளையைச் சோதித்துக்கொண்டதும் அங்கே நடக்கும் மருத்துவ முகாமில்தான். ஆனால் உள்ளே மட்டும் ஒருநாளும் காலடி வைத்ததில்லை.

அன்றும் வைக்கவில்லை. உள்ளே பாய் விரித்துச் சனம், கஞ்சி வாசம். அவள் வெளி விறாந்தையில் தூணோடு ஒண்டிக் குந்திவிட்டாள். இதுவும் சாமி இருக்கிற இடம்தானே? அம்மனுக்கு ஆகாத துடக்கு இந்தச் சாமிக்கு மட்டும் ஆகுமா?

ஃபாதர் வந்து கூப்பிட்டார். அவள் தலையை ஆட்டினாள். மதம் மாற்றிவிடுவார்களென்று பயப்படுகிறாள் போலும் என்று மனுஷன் நினைத்தார். ஊரில் அந்தக் கதை இருக்கத்தான் செய்தது. வற்புறுத்தினால் பிழையாகிவிடும் என்று ஒரு போர்வையைக் கொடுத்துவிட்டுப் பேசாமல் போனார். கஜானியோ, அவருக்கும் துடக்கு விஷயம் தெரிந்துவிட்டது, அதுதான் மறுபடி கூப்பிடவில்லை என்று முடிவுகட்டினாள். இரண்டு நல்ல மனுஷர் ஒருவருக்கொருவர் மரியாதை கொடுத்துக்கொண்டிருக்க, நடுவில் சாரலில் நனைந்தது பிள்ளை.

புஸ்பம்தான் முதலில் கண்டாள். பிள்ளையின் உதடு நீலம் பாரித்திருந்தது. முலையைக் கொடுத்தால் இழுக்கவில்லை, அழவுமில்லை. அவள் வயிற்றில் அடித்துக்கொண்டு போட்ட சத்தத்தில் ஃபாதர் ஓடிவந்தார்.

"உள்ளுக்கு வர ஏன் மகள் பயப்பிடுறீங்க?"

"துடக்கு, ஃபாதர். உங்கட சாமிக்கு ஆகாது."

இதற்காகவா? இவ்வளவு நேரமும் இதற்காகவா இந்தப் பச்சை மண்ணைக் குளிரில் வைத்திருந்தோம்? ஃபாதர் சட்டென்று குனிந்து பிள்ளையை வாங்கி, அங்கிக்குள் நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

"எங்கட சாமி மாட்டுக் கொட்டிலுக்க பிறந்தவர், மகள். பெத்த தாய் துடக்கோடதான் அவரை மடியில வச்சிருந்தவ. எழும்பி வாங்க."

கஜானிக்குக் காது கூசியது. சாமிக்குத் துடக்கா? தன் சாமியைப் பற்றி ஒரு மனுஷன் இப்படியும் சொல்வானா? அதற்குள் அவர் பிள்ளையோடு வாசலைத் தாண்டிவிட்டார். பிள்ளை போன பக்கம் தாயின் காலும் போயிற்று.

பீடத்தடியில், காற்றுப் படாத மூலையில், பெண்கள் சேலையால் மறைப்புக் கட்டினார்கள். ஈரத்துணியைக் களைந்து, பிள்ளையைத் தாயின் வெறும் நெஞ்சோடு வைத்துப் போர்த்தினார்கள். கஜானி அம்மனையும் கூப்பிட்டாள், ஃபாதர் சொன்ன, பெயர் நினைவுக்கு வராத அந்தத் தாயையும் கூப்பிட்டாள். வெகுநேரம் சென்று பிள்ளை வீரிட்டு அழுதது. தேவாலயமே திரும்பிப் பார்த்தது. கஜானியும் ஓவென்று அழுதாள்.

வெள்ளம் வடிந்தபோது அவள் வீட்டுச் சுவர் விழுந்து கிடந்தது. கிறிஸ்து பிறந்த நத்தார் முடிந்தும் அக்காளும் தங்கையும் தேவாலயத்திலேயே இருந்தார்கள். பிள்ளைக்கு முப்பத்தொன்றாம் நாள் வந்தது. துடக்குக் கழிக்க வீடு முழுக்க மஞ்சள் தண்ணீர் தெளிக்கவேண்டும். எந்த வீட்டுக்குத் தெளிப்பது? பிள்ளை கிடந்தது இங்கேதானே. வைத்த துடக்கை வைத்தவள்தான் கழிக்கவேண்டும் என்று காலையிலேயே முழுகிவிட்டு, செம்பும் மாவிலையுமாகப் பீடத்தடியிலிருந்து தெளித்துக்கொண்டு வந்தாள். நத்தார்க் குடில் இன்னும் கலைக்கப்படவில்லை. வைக்கோலில் பிள்ளை, பக்கத்தில் தாய். கொஞ்சம் நின்று யோசித்தாள். பிறகு அந்தத் தாய்க்கும் பிள்ளைக்கும் தெளித்தாள்.

பின்னால் காலடிச் சத்தம். ஃபாதர்!

கஜானி செம்பைச் சேலைத் தலைப்புக்குள் இழுத்துக்கொண்டாள்.

"அவவும் பிள்ளை பெத்தவதானே, ஃபாதர். ஒருத்தரும் கழிச்சு விட்டிரிக்க மாட்டாங்க."

ஃபாதர் குடிலைப் பார்த்தார். மாதாவின் முகத்திலிருந்து மஞ்சள் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. மெல்லச் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து, அவள் முன்னால் தலையைக் குனிந்தார்.

"எனக்கும் தெளியுங்க, மகள். பிள்ளையை நானும் தூக்கினவன்."