விருந்தாளிப் பங்கு

உத்தனப்பள்ளிக்குத் தெற்கே இருக்கும் அப்பாவின் ஊரில் எங்களுக்குப் பெரிய மரியாதை செய்தார்கள். அந்த மரியாதையில்தான் நாசமாய்ப் போனோம்.

ஐம்பதுகளின் நடுவில் இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து எங்களை விரட்டினார்கள். நீங்கள் இந்தியர்கள், போங்கள் என்றார்கள். நானும் தங்கையும் அந்தத் தோட்டத்துக் கூலிகளின் வரிசை வீட்டில், லயத்தில்தான் பிறந்தோம். அதை யார் கேட்டார்கள்? இங்கே வந்தால் தாலுகா ஆபீசில், நீங்கள் சிலோன்காரர்கள், தங்கக் கூடாது என்றார்கள்.

அங்கிருந்த குமாஸ்தா இதமாகப் பேசுகிறவர். "உலக நாடெல்லாம் கூடி, மனுசனாப் பொறந்தவனுக்கு ஒரு நாடு உண்டுன்னு எழுதி வெச்சிருக்குதுப்பா. பேப்பர்ல படிச்சேன்" என்றார்.

"அப்ப நாங்க இருக்கலாமுங்களா?" என்றார் அப்பா.

"உங்க ஊரு மணியக்காரர் வந்து, இவன் எங்க ஊராளுதான்னு சொல்லட்டும். இருந்துக்க."

மணியக்காரர் பெரியப்பாவைக் கைகாட்டினார். பெரியப்பா அப்பாவின் கூடப்பிறந்த அண்ணன். அப்பாவின் பங்கு நிலத்திலும் அவர்தான் ராகி விதைத்துக்கொண்டிருந்தார். "குலசாமிக்கு ஆடு வெட்டறப்ப பங்காளிங்க உனக்கும் ஒரு கூறு போட்டா, நான் வந்து சொல்றேன்" என்றார் மணியக்காரர்.

வெட்டிய கறியைப் பங்காளிக் குடும்பத்துக்கு ஒன்றாக இலைகளில் சமமாகக் கூறு வைப்பார்கள். விருந்தாளிக்கு அதில் கிடையாது; தொடையாகப் பார்த்துத் தனியே கொடுப்பார்கள்.

அப்பா குளித்துவிட்டு ஈர வேட்டியோடு பங்காளிகளின் வரிசையில் நின்றார். பெரியப்பா ஓடி வந்து கையைப் பிடித்தார்.

"வாங்க வாங்க! வெயில்ல நிக்கலாமா நீங்க? பாய் போடுங்கடா!"

"ண்ணா, நான் உங்க தம்பிண்ணா."

"கடல் தாண்டி வந்தவரு. முதல்ல இவருக்குக் குடுங்கப்பா."

முழுத் தொடையை அப்பாவின் கையில் வைத்தார்கள். "எங்களுக்கெல்லாம் எலும்பு, உங்களுக்குத் தொடை. இன்னும் என்னங்க மூஞ்சி அப்படி இருக்குது?" என்றான் ஒருவன். எல்லோரும் சிரித்தார்கள். பிறகு கூறுகளை வைத்து, குடும்பம் குடும்பமாகக் கூப்பிட்டார்கள். எங்களைக் கூப்பிடவில்லை.

"அதை உங்கண்ணன் மூஞ்சியிலயே எறிஞ்சிருக்கணும்" என்றாள் அம்மா. சொல்லிவிட்டு அடுப்பு மூட்டினாள். கூழைத் தவிர எதையும் காணாத வயிறுகள் எங்களுடையவை. எலும்பைக்கூட உடைத்து உறிஞ்சினோம்.

மறுநாள் மணியக்காரர் ஆபீசுக்கு வந்து, "வந்தாங்க, விருந்து சாப்பிட்டாங்க. ஊராளுங்க இல்லீங்க" என்றார். சாப்பிட்டது உண்மைதான்.

"உலக நாடெல்லாம் எழுதினதா சொன்னீங்களே, சாமி?" என்றார் அப்பா.

"அது இருக்குதுப்பா. பத்திரமா இருக்குது" என்றார் குமாஸ்தா.

அன்றே ஒரு போலீஸ்காரர் எங்களைப் பஸ்ஸில் ஏற்றினார். எந்த ஊருக்கு டிக்கெட் என்று கண்டக்டர் கேட்டார்.

"அத்திப்பள்ளி எல்லை தாண்டி எறக்கி விடு" என்றார் போலீஸ்காரர். "அப்புறம் அது மைசூர்க்காரன் பாடு."