ஒரு தலை கூடுதல்

தலைகளை எண்ணுவது என் தொழிலாக இருந்தது. தோட்ட அலுவலகத்தில் கணக்கெழுதும் கிராணியாக வேலை பார்த்த காலம் முழுவதும், விடியற்காலைப் பெரட்டில் வரிசையாக நிற்கும் ஆட்களை எண்ணிக் கணக்கில் ஏற்றினேன். ஓய்வு பெற்ற பிறகும் அந்தப் பழக்கம் என்னை விடவில்லை. பேருந்தில் ஏறினால் பயணிகளை எண்ணுவேன். சாவு வீட்டில் நாற்காலிகளை எண்ணுவேன். எண்ணிக்கை பொருந்தாவிட்டால் அன்றைக்குத் தூக்கம் வராது.

அதனால்தான், செலண்டாருக்குப் பக்கத்தில் நாங்கள் நடத்திய இலவச வகுப்பில் ஒரு தலை கூடுதலாக இருப்பதை வேறு யாரும் கவனிக்கும் முன்பே கவனித்தேன். பதிவேட்டில் நாற்பது பெயர்கள். பெஞ்சுகளில் நாற்பத்தொரு பிள்ளைகள். அந்த நாற்பத்தொன்றாவது தலை கடைசி பெஞ்சில், சன்னல் ஓரமாக இருந்தது.

அவளுக்குப் பத்து வயதிருக்கும். புலாவ் செபாங் பக்கம் ஒரு தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவள். பிறப்பைப் பதிவு செய்ய வேண்டிய தகப்பன் அதற்கு முன்பே எங்கோ போய்விட்டான். தாய் பிறகு காய்ச்சலில் இறந்துபோனாள். எண்ணெய்க்கான செம்பனைக் காட்டில் ஒப்பந்தக் கூலியாக மருந்தடிக்கும் அத்தைதான் வளர்த்தாள். சூரா பிரானா என்று மலாயில் சொல்லும் பிறப்புப் பத்திரம் இல்லாத பிள்ளையை எந்தப் பள்ளியும் சேர்த்துக்கொள்ளவில்லை. சனி, ஞாயிறு காலைகளில் எங்கள் வகுப்பில் உட்காரும் நேரம்தான் அவளுக்குப் பள்ளிக்கூடம்.

தொண்ணூறுகளின் நடுவில் அந்த வகுப்பை நாங்கள் ஐந்து பேர் நடத்திக்கொண்டிருந்தோம். அங்குள்ள தமிழ்ப்பள்ளி இரண்டு அறைகளைக் கொடுத்திருந்தது. அந்தப் பள்ளியிலேயே வேலை பார்க்கும் டீச்சர் ஒருவர் செயலாளர். பத்து பெரெண்டாம் தொழிற்சாலையில் வேலை செய்த ஓர் இளம்பெண் கணக்குப் பாடம் எடுத்தாள். ஒரு தபால்காரர், ஒரு லோரிக்காரர் இருவரும் செயற்குழுவினர். இருவரின் பிள்ளைகளும் எங்களிடம் படித்தார்கள். நான் தலைவர். முதல் கூட்டத்தில் நான் கழிவறைக்குப் போயிருந்த நேரத்தில் என்னைத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள். எங்கள் பக்கத்துச் சங்கங்களில் பதவி அப்படித்தான் வரும். அறையில் இருப்பவர்கள் எல்லாரும் வேண்டாம் வேண்டாம் என்பார்கள், இல்லாதவன் தலையில் போய் விழும்.

அரைத் தாளில் நான்கு விதிகள் எழுதி வைத்திருந்தோம். வருகிற பிள்ளையைத் திருப்பி அனுப்பக் கூடாது என்பது முதல் விதி. நாங்கள் தயாரிக்கும் கேள்வித்தாள்களை யார் வேண்டுமானாலும் நகலெடுத்துக்கொள்ளலாம் என்பது இரண்டாவது. தூரத்துத் தெங்கேராவிலிருந்துகூட ஆட்கள் வந்து எடுத்துப்போவார்கள். செயற்குழுவில் ஓட்டு சமமாக விழுந்தால் மட்டுமே தலைவர் ஓட்டுப் போடலாம் என்பது மூன்றாவது. விதியை மாற்ற வேண்டுமென்றால் பெற்றோர் அனைவரையும் கூட்டிக் கேட்க வேண்டும் என்பது நான்காவது. அந்த நான்காவது விதி ஒருநாள் தேவைப்படும் என்று எழுதியபோது எனக்குத் தோன்றவில்லை.

ஆறாம் வகுப்புத் தேர்வுக்கு ஏழு வாரங்கள் இருந்தபோது தலைமையாசிரியர் என்னைக் கூப்பிட்டனுப்பினார். கெட்ட மனிதர் அல்ல. பயந்த மனிதர். மேசையில் இருந்த பென்சிலை உருட்டிக்கொண்டே பேசினார்.

"ஐயா, எனக்கு ஒண்ணும் இல்ல. ஆனா யாரோ மேல சொல்லியிருக்காங்க. பேரே பதியாத பிள்ள நம்ம காம்பவுண்டுல விழுந்து கையக் கால ஒடிச்சிக்கிட்டா யாரு பதில் சொல்றது?"

"ஒரு பிள்ளைதானே சார்."

"ஒண்ணோ பத்தோ, என் தலைதான் உருளும். சனிக்கிழமை பத்து மணிக்குள்ள, ஸ்கூல்ல பதிஞ்ச பிள்ளைங்க மட்டுந்தான் வருவாங்கன்னு கையெழுத்துப் போட்டுக் குடுங்க. இல்லாட்டி சாவியக் குடுத்துருங்க."

அன்று செவ்வாய்க்கிழமை. வியாழன் சாயங்காலம் கோப்பிக்கடையில் ஐந்து பேரும் கூடினோம். லோரிக்காரர் உட்காருவதற்கு முன்பே தொடங்கிவிட்டார்.

"ஒரு பிள்ளைக்காக நாப்பது பிள்ளைங்கள ரோட்டுல விடப்போறோமா? என் மவனுக்கு இந்த வருசம் பரிட்சை. பரிட்சை முடியிற மட்டும் அந்தப் பிள்ள வீட்டுல இருக்கட்டும்லா. அப்புறம் வரட்டும். யாரு வேணாங்குறா?"

"அப்புறம் மட்டும் அவளுக்கு சூரா பிரானா வந்துருமா அண்ணே?" என்றார் டீச்சர். "இன்னைக்குப் பத்திரம் இல்லாத பிள்ள வேணாம்போம். நாளைக்கு வேற தோட்டத்துப் பிள்ள வேணாம்போம். கடைசில யாருக்கு வகுப்பு?"

"உங்களுக்கென்ன டீச்சர், பேசிட்டுப் போயிருவீங்க."

"எனக்கென்னவா? அவரு என் ஹெட்மாஸ்டரு. திங்கக்கிழமை காலையில அவரு மூஞ்சிலதான் நான் முழிக்கணும்."

தொழிற்சாலைப் பெண் டீச்சர் பக்கம் கை தூக்கினாள். தபால்காரர் லோரிக்காரர் பக்கம். தபால்காரர் தே தாரிக்கை ஆற்றிக்கொண்டே என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"ரெண்டுக்கு ரெண்டு. கிராணியாரே, இவ்வளவு நாளா சும்மா தலைய எண்ணிக்கிட்டு இருந்தீங்க. இப்பதான் உங்களுக்கு வேலையே வந்திருக்கு."

நான் தேநீரைத் தொடவில்லை. இது முதல் விதியையே மாற்றும் காரியம், நான் ஒருவன் ஓட்டுப் போட்டு முடிக்கக் கூடாது, பெற்றோரைக் கேட்க வேண்டும் என்றேன்.

"பயம்லா உங்களுக்கு," என்றார் லோரிக்காரர்.

பயம்தான். ஆனால் விதியும் அதுதான்.

சனிக்கிழமை எட்டரை மணிக்குப் பெற்றோர் பள்ளி வாசலுக்கு வெளியே கூடினார்கள். பிள்ளைகள் உள்ளே கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள். கடைசி பெஞ்சில் அவளும் இருந்தாள். தலைமையாசிரியர் தன் அறைச் சன்னலில் நின்றார். செயற்குழுவினரையும் சேர்த்து, என்னைத் தவிர்த்து, முப்பத்தொரு பேர். இரண்டு முறை எண்ணினேன். அந்தப் பிள்ளையின் அத்தையும் அவர்களில் ஒருத்தி. மருந்தடிக்கும்போது போடும் நீளக்கைச் சட்டையோடு, எல்லாருக்கும் பின்னால்.

விசயத்தைச் சொன்னேன். கையெழுத்துப் போட்டால் அறை இருக்கும், அந்தப் பிள்ளை இருக்காது. போடாவிட்டால் பத்து மணிக்குச் சாவி போய்விடும். வேறு இடம் எங்களிடம் இல்லை. தேர்வுக்கு ஏழு வாரம்கூட இல்லை. இதைச் சொல்லி முடித்துவிட்டு, கையெழுத்துப் போடலாம் என்பவர்கள் கை தூக்குங்கள் என்றேன்.

எல்லாரும் தூக்கினார்கள். எண்ணினேன். முப்பத்தொன்று.

டீச்சர் கைகூட மேலே இருந்தது. திகைத்துப்போய் அவரைப் பார்த்தேன். அவரும் தன் கையைப் பார்த்துவிட்டுச் சட்டென்று இறக்கினார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. தலைவர் கை தூக்கச் சொன்னால் தூக்குவது எங்கள் சனங்களின் மரியாதை. கோயில் கூட்டத்திலும் அப்படித்தான், தோட்டத்துக் கூட்டத்திலும் அப்படித்தான். கேள்வி எதுவென்பது அடுத்த விசயம்.

சோதித்துப் பார்த்தேன். போட வேண்டாம் என்பவர்கள் கை தூக்குங்கள் என்றேன். மறுபடியும் முப்பத்தொரு கைகள். அத்தையின் கை இரண்டு முறையும் உயர்ந்தது.

"ஐயா எது சொன்னாலும் சரிதான்யா," என்றார் முன்னால் நின்ற ஒருவர்.

"நான் ஒண்ணும் சொல்லலியே. உங்களத்தான் கேக்குறேன்."

"அதான் ரெண்டுக்கும் தூக்கிட்டோம்ல," என்றார் அவர். சிலர் சிரித்தார்கள். சன்னலில் தலைமையாசிரியர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஒன்பது இருபது.

இந்தக் கைகளை வைத்துக்கொண்டு எதையும் முடிவு செய்ய முடியாது. பெரட்டு ஞாபகம் வந்தது. காட்டு வேலைக்குப் போகிறவர்கள் ஒரு பக்கம், ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போகிறவர்கள் ஒரு பக்கம் என்று ஆட்களைப் பிரித்து நிறுத்துவோம். கையைத் தூக்குவது போல் காலைத் தூக்கி வைத்துவிட முடியாது. ஒருவன் ஓர் இடத்தில்தான் நிற்க முடியும்.

"கைய இறக்குங்க. அந்தப் பிள்ள இருக்கட்டும், சாவி போனாலும் பரவால்லன்னு நினைக்கிறவங்க ரோட்டத் தாண்டி அந்த ரம்புத்தான் மரத்துக்குக் கீழ போய் நில்லுங்க. கையெழுத்துப் போடலாம்னு நினைக்கிறவங்க இங்கியே நில்லுங்க."

யாரும் அசையவில்லை. செம்பனைக் குலை ஏற்றிய லோரி ஒன்று எங்களுக்கும் மரத்துக்கும் நடுவில் போனது. புழுதி அடங்கிய பிறகும் யாரும் அசையவில்லை. எல்லார் கண்ணும் என் காலில் இருந்தது. நான் நகரவில்லை.

முதலில் டீச்சர் நடந்தார். கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, சன்னலில் நின்ற மனிதருக்கு முதுகைக் காட்டி, தனியாகச் சாலையைக் கடந்தார். பின்னாலேயே தொழிற்சாலைப் பெண் போனாள். பிறகு இரண்டு தாய்மார்கள். பிறகு ஒரு குடும்பம். தபால்காரர் பாதிச் சாலை போய் நின்றுவிட்டார்.

"என்னாண்ணே, தபால ரெண்டு பக்கமும் போடலாம்னு பாக்குறீங்களா?" என்று யாரோ கத்தினார்கள்.

"இருங்கப்பா, யோசிக்க வுடுங்க," என்று சொல்லிவிட்டு அவர் மரத்தடிக்குப் போனார். லோரிக்காரர் வாசலிலேயே கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

அத்தை என்னிடம் வந்தாள்.

"நான் எந்தப் பக்கம்யா நிக்கிறது?"

"உங்களுக்கு எது சரின்னு படுதோ அங்க நில்லுங்கம்மா."

அவள் மரத்தைப் பார்த்தாள். வாசலைப் பார்த்தாள். "என் பிள்ளையால இத்தன பிள்ளைங்க படிப்புக் கெட வேணாம்யா," என்றாள். பிறகு வகுப்பறைக்குப் போய்ப் பிள்ளையைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்தாள். எங்கள் நடுவாகவே இருவரும் பேருந்து நிறுத்தத்துக்கு நடந்தார்கள். அந்தப் பிள்ளை கையில் பென்சில் இருந்தது. கூப்பிட்டேன். அத்தை திரும்பிப் பார்க்கவில்லை.

எண்ணினேன். மரத்தடியில் பதினேழு. வாசலில் பதின்மூன்று. மொத்தம் முப்பது.

பத்தடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது சாவிக்கொத்தைத் தலைமையாசிரியரிடம் கொடுத்தேன். "மனசுல வச்சுக்காதீங்க ஐயா," என்றார். அந்தப் பிள்ளைதான் போய்விட்டதே, கையெழுத்தே போட்டிருக்கலாமே என்றும் கேட்டார். போட்டிருக்கலாம்தான். அதை நானும் நினைத்தேன். ஆனால் பதினேழு பேர் வேண்டாம் என்று நடந்துபோய் நின்றிருந்தார்கள். அவர்கள் நின்ற பிறகு என்னால் எப்படிப் போட முடியும்?

வெளியே வந்தபோது லோரிக்காரர் மட்டும் காத்திருந்தார். சண்டைக்கு என்று நினைத்தேன். மகனை இழுத்துக்கொண்டு போய்விடுவார் என்றும் நினைத்தேன்.

"தோத்தது தோத்ததுதான்," என்றார். "நடந்து நின்னாச்சி, எண்ணியாச்சி. என் லோரிக் கொட்டாய் சும்மாதான் கிடக்கு. ஆனா லோரிய வெளிய எடுக்க எட்டேகால் ஆவும். அதுக்கு முன்ன வந்து யாரும் நிக்கக் கூடாது."

"உங்க மவன்?"

"அவன் எங்க போவான்? வீடே அங்கதானே இருக்கு."

அடுத்த புதன்கிழமை அத்தை குடியிருந்த லயத்துக்குப் போனேன். கதவு பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டு வந்தேன்: வகுப்பு லோரிக் கொட்டகையில், சனிக்கிழமை எட்டரை மணிக்கு, பிள்ளையை அனுப்பச் சொல்லுங்கள். வழியெல்லாம் அந்த வீட்டுக்காரி மறந்துவிடுவாளோ என்ற கவலை. திரும்பிப் போய் மறுபடியும் சொன்னேன். "ஒருக்கா சொன்னா புரியும்யா," என்றாள்.

சனிக்கிழமை கொட்டகை டீசல் வாடையோடு இருந்தது. லோரிக்காரரும் தபால்காரரும் பலகைகளைச் செங்கல்மேல் வைத்து உட்கார இடம் பண்ணியிருந்தார்கள். தொழிற்சாலைப் பெண் இரவு வேலை முடித்து நேராக வந்திருந்தாள். முதலில் சாலையைக் கடந்த டீச்சர் வரவில்லை. திங்கட்கிழமை பள்ளியில் அவரிடம் என்ன சொன்னார்களோ, என்னிடம் தொலைபேசியில் "கொஞ்ச நாள் பொறுத்துக்குங்க சார்" என்று மட்டும் சொன்னார்.

எட்டரைக்கு எண்ணினேன். இருபத்தாறு. நாற்பதில் பதினான்கு பேர் இல்லை. லோரிக் கொட்டகைக்குப் பிள்ளையை அனுப்பப் பெற்றோருக்கு மனம் வரவில்லை. மரத்தடியில் நின்றவர்களிலும் சிலர் அனுப்பவில்லை. மறுபடியும் எண்ணினேன். எண்ணுவதால் கூடிவிடுமா? இருபத்தாறுதான்.

எட்டு ஐம்பதுக்கு அவள் வந்தாள். அத்தை தெருவிலேயே நின்றுகொண்டாள். அவள் மட்டும் கொட்டகை வாசல் வரை வந்து, லோரிச் சக்கரத் தடத்துக்கு அந்தப் பக்கமே நின்றாள்.

"வா, உக்காரு," என்றேன்.

"பேரு கூப்புட்டாச்சா தாத்தா?"

வகுப்பில் பெயர் கூப்பிடும்போதெல்லாம் அவள் இருந்திருக்கிறாள். அவள் பெயரை மட்டும் யாரும் கூப்பிட்டதில்லை. பதிவேடு மாதக் கடைசியில் பள்ளி அலுவலகத்துக்குப் போகும், அதனால் எழுதவில்லை. இப்போது அது எங்கும் போக வேண்டியதில்லை. நாற்பதாவது பெயருக்குக் கீழே அவள் பெயரை எழுதினேன்.

"இன்னும் இல்ல. இப்பதான் கூப்புடப் போறேன்."

முதல் பெயரிலிருந்து தொடங்கினேன். வராத பதினான்கு பேரையும் விடாமல், வந்தவர்களைக் கூப்பிடும் அதே குரலில் கூப்பிட்டேன். பதில் இல்லாத ஒவ்வொரு பெயருக்கும் சற்று நின்றேன். பிள்ளைகள் திரும்பித் திரும்பி வாசலைப் பார்த்தார்கள். லோரிக்காரர், "இல்லாத பிள்ளைங்கள எதுக்கு கிராணியாரே கூப்புட்டுக்கிட்டு, நேரமாவுதுல்ல," என்று முனகினார்.

கடைசியாக அவள் பெயரைக் கூப்பிட்டேன்.

"இருக்கேன்," என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே வந்து உட்கார்ந்தாள்.

இருபத்தேழு என்று எழுதினேன். அதற்குப் பக்கத்தில், வர வேண்டியவர்கள் நாற்பத்தொன்று என்றும் எழுதினேன்.