பூப் பொட்டலத்தில் போன காசோலை

என் போனில் ஒரு வங்கிச் சீட்டின் படம் இருக்கிறது. காசோலை எண், தேதி, அது திரும்பிய காரணம்: ‘கணக்கில் போதிய பணம் இல்லை.’ முத்திரை இருக்க வேண்டிய மூலையை அக்கா மகளின் கட்டைவிரல் மறைத்திருக்கிறது. அவள்தான் படம் எடுத்து எனக்கு அனுப்பினாள்.

அக்கா பெரிய மார்க்கெட்டில் பூ விற்பவள். ஒரு முகூர்த்த மாதம் முழுக்க வாங்கிய பூவுக்காக, கல்யாண மேடை அலங்கரிக்கும் பெண் ஒருவர் கொடுத்த காசோலை அது. அந்தப் பணத்தை நம்பித்தான் மகளை நர்சிங்கில் சேர்ப்பதாக இருந்தது.

முத்திரையிட்ட அந்தச் சீட்டே வழக்குக்குச் சான்று, ஒரு மாதத்துக்குள் நோட்டீஸ் அனுப்ப வேண்டும் என்று நான் படித்திருந்தேன். படம் வந்த மறுநாள் அக்காவிடம் போய்ச் சீட்டைக் கேட்டேன்.

“அவகிட்ட குடுத்துட்டேன்.”

“செக்கு?”

“அதுவுந்தான். பூப் பொட்டலத்துல வச்சி, யாருக்கும் தெரியாம.”

“ஏன்க்கா?”

“திரும்புன செக்க கையில வச்சிகினு மார்க்கெட் பூரா காட்டச் சொல்றியா? அவளுக்கும் மானம் இருக்குல்ல. வெள்ளிக்கிழமை காசா தரேன்னா.”

“தரலன்னா?”

“உனக்கு எதுக்கெடுத்தாலும் கோர்ட்டு! போடா, டீ ஆறுது பாரு.”

மார்க்கெட் பூக்காரர்கள் வழக்கம் அப்படித்தான். திரும்பிய காசோலையைச் சீட்டோடு கொடுத்தவரிடமே சேர்த்துவிட்டு, வாய்ச்சொல்லை நம்பிக் காத்திருப்பார்கள். அந்த வெள்ளிக்கிழமை பணம் வரவில்லை. அடுத்தடுத்த வெள்ளிகளிலும் வரவில்லை. பிறகு அந்தப் பெண் போனை எடுப்பதையே நிறுத்திவிட்டார்.

நாங்கள் மூவரும் வக்கீலைப் பார்க்கப் போனபோது ஒரு மாதம் தாண்டியிருந்தது. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார்.

“முத்திரை தெரியல. சீட்டுக்கு பேங்க்ல நகல் கேக்கலாம். செக்கு இருந்தாலாவது மறுபடி போட்டு, திரும்பினதும் நோட்டீஸ் விடலாம். அதயும் குடுத்துட்டீங்களேம்மா.”

வெளியே வந்ததும் மகள்தான் பேசினாள்: “விடும்மா. அடுத்த வருசம் பாத்துக்கலாம்.”

அந்த அடுத்த வருடமும் போய்விட்டது. அவள் இப்போது இங்கேயே கதிர்காமம் பகுதியில் ஒரு மருந்துக்கடையில் வேலைக்கு நிற்கிறாள்.

கல்யாண வீட்டார் தனக்குக் கொடுத்த காசோலையே திரும்பிவிட்டது, தான் என்ன செய்வது என்று மேடை அலங்கரிக்கும் அந்தப் பெண் மார்க்கெட்டில் யாரிடமோ அழுதாராம். அக்கா அதை நம்புகிறாள். அப்படி ஒரு காசோலை திரும்பியதற்கான சீட்டை நான் பார்த்ததில்லை, பார்த்தேன் என்று சொல்பவரும் கிடைக்கவில்லை. அது உண்மையா என்று இன்றுவரை சரிபார்க்க முடியவில்லை.