பிரசென்டேஷன் ஜுரம்

"எனக்கு பிரமோஷனே வேண்டாம்னு எழுதிக் கொடுக்கப் போறேன் மேடம். அதுக்கு முன்னாடி ஒரு தடவ உங்களப் பாக்கச் சொன்னாங்க வீட்டுல."

டெல்லி ஜனக்புரியில் உள்ள என் ஆலோசனை அறையில் உட்கார்ந்ததும் செல்வராஜ் சொன்னது இதுதான். ஆறடி உயரம், அடர்ந்த மீசை, பொதுத்துறை நிறுவனமொன்றில் இன்ஜினியர். பதவி உயர்ந்தால் டைரக்டர்கள் முன்னால் அடிக்கடி பேச வேண்டும். அதுவரை பிரசென்டேஷன் வந்தபோதெல்லாம் ஜுரம் என்று லீவு போட்டு, ஜூனியரை அனுப்பித் தப்பித்திருந்தார்.

மனநல ஆலோசகராக நான் தரும் சிகிச்சைகளில் ஒன்று ஈ.எம்.டி.ஆர். பயம் தொடங்கிய சம்பவத்தை மனதில் நிறுத்திக்கொண்டு, இடமும் வலமுமாக அசையும் என் விரல்களைக் கண்ணால் தொடர வேண்டும். இடையிடையே நிறுத்தி, என்ன தோன்றுகிறது என்று கேட்பேன்.

"கார் வைப்பர் மாதிரி இருக்கு மேடம். இதுக்கா லீவு போட்டேன்?"

"சிரிங்க, பரவாயில்ல. ஆனா தலை ஆடக் கூடாது, கண்ணு மட்டும்."

சம்பவத்தை முன்பே பேசிக் கண்டுபிடித்திருந்தோம். அப்பாவுக்கு மாற்றலாகி டெல்லி வந்த புதிது. பள்ளியின் காலை வணக்கக் கூட்டத்தில் மேடையேறி அம்மாவைப் பற்றி ஹிந்தியில் பேசச் சொன்னார்கள். 'என் அம்மா' என்பதற்கு 'மேரி மா' என்று சொல்லாமல், ஆண்பாலுக்கு வரும் 'மேரா'வைப் போட்டு 'மேரா மா' என்றார். மைதானமே சிரித்தது. பள்ளி முடியும்வரை அதுவே பட்டப்பெயர்.

விரலைத் தொடர்ந்தபோது அவர் முகம் வியர்த்தது.

"எல்லாரும் சிரிக்கறாங்க. ஓடிடலாம் போல இருக்கு."

"நிறுத்திடலாமா?"

"வேண்டாம், பண்ணுங்க."

அடுத்த சுற்றுக்குப் பிறகு அவர் வெகுநேரம் பேசவில்லை. 'சின்னப் பிள்ளைங்கதானே, விடுங்க' என்று சொல்ல எனக்கு வாய்வரை வந்தது. அடக்கிக்கொண்டேன்.

"நான் பேசி முடிச்சேன் மேடம்" என்றார் மெதுவாக. "அழுதுகிட்டேதான். ஆனா மீதியச் சொல்லி முடிச்சுட்டுதான் கீழ இறங்கினேன். இத்தன வருஷமா சிரிப்பு மட்டுந்தான் ஞாபகம் இருந்துச்சு."

இன்னும் சில அமர்வுகள் நடந்தன. பிறகு ஒருநாள் போன் செய்தார்.

"பேசிட்டேன் மேடம். மொத ஸ்லைடுல திக்கினேன். அப்புறம் நிறுத்தவே தெரியல. 'செல்வராஜ் ஜி, சாய் டண்டி ஹோ ரஹி ஹை'ன்னு டைரக்டர் சொன்ன பிறகுதான் விட்டேன். டீ ஆறிப்போச்சாம். இதுக்கும் வைத்தியம் இருக்கா?"

எல்லாருக்கும் இப்படி அமைவதில்லை. சிலருக்கு வேறு வழி பார்க்க வேண்டியிருக்கும். ஆனால் இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களிடம் நான் சொல்வது ஒன்றுதான்: விரலை அசைக்க ஒரு வாரத்தில் பழகிவிடலாம், சும்மா இருக்கப் பழகுவதுதான் கஷ்டம். அன்று நான் ஆறுதல் சொல்லியிருந்தால், பேசி முடித்துவிட்டு இறங்கிய பையனை அவர் பார்த்திருக்கவே மாட்டார்.